பச்சைப் பெட்டியும் பக்கத்தில் வாசிப்பவர்களும்

கிடார் வாசிக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அண்ணே, வீட்டுல வாசிச்சா சவுண்டு அருமையா இருக்கு. மேடையில போட்டா எங்க போகுதுன்னே தெரியல. வேற பெடல் வாங்கணுமா?" வேண்டாம் என்பதே அநேகமாக என் பதில். பெடலில் குறையில்லை. தனியறையில் உட்கார்ந்து திருப்பி வைத்த குமிழ்களை அப்படியே மேடைக்குக் கொண்டுவருவதில்தான் எல்லாம் கெடுகிறது. மெல்லிசைக் குழுவில் பத்துப் பேரோடு சேர்ந்து வாசிக்கிற ஒருவனுக்கு, தனியாகக் கேட்கும் நாதம் என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் கீபோர்டும் தபேலாவும் பேஸும் ஒலிக்கும்போது என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் அவனுடைய நாதம்.

இதைப் புரியவைக்க எனக்குக் கைகொடுக்கும் பெடல் ஒன்று உண்டு. ஐபனேஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர், ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் வகைப் பெடல். பச்சை நிறப் பெட்டி, மூன்றே குமிழ்கள்: டிரைவ், டோன், லெவல். 1970-களின் கடைசியில் ஜப்பானில் சுசுமு தமுரா என்ற பொறியாளர் வடிவமைத்தது. அதன் வழித்தோன்றல்களும் நகல்களும் இன்று உலகம் முழுக்க மேடைகளில் கிடக்கின்றன. அசலை வாங்க முடியாதவர்கள் வாங்கும் மலிவான பச்சைப் பெட்டிகளிலும் உள்ளே ஏறக்குறைய இதே சுற்றுதான் இருக்கும்.

வீட்டில் தனியாக இதைப் போட்டுக் கேட்பவருக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒலி மூக்கால் பேசுவது போலிருக்கும். அடித்தந்திகளின் கனம் குறைந்துவிடும், மேலே இருந்த மினுமினுப்பும் மங்கிவிடும். நடுவில் ஒரு மேடு மட்டும் எழுந்து நிற்கும். ஆனால் அந்தப் பெட்டியின் அருமையே அதில்தான் இருக்கிறது. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க, சுற்று தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. கிடாரின் தடித்த தந்தி சும்மா மீட்டினால் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தப் பகுதியை முழு வேகத்தில் சிதைத்தால் ஒலி சேறாகிவிடும் என்பதால் அதை அதிகம் தொடாமல் விடுகிறது. மேல் ஒலிகளை டோன் குமிழுக்கு முன்னாலேயே கொஞ்சம் வடிகட்டிவிடுகிறது. பேஸ் கிடாருக்கும் டிரம்ஸின் கிக்குக்கும் கீழே இடம் விட்டு, சிம்பலுக்கு மேலே இடம் விட்டு, இரண்டுக்கும் நடுவே கிடாரை நிறுத்துகிறது. தனியாகக் கேட்டால் குறையாகத் தெரியும் அதே குணம் கூட்டத்தில் நிறைவாகிவிடுகிறது. டெக்சாஸின் ஸ்டீவி ரே வான் இதை வைத்துச் செய்ததும் ஏறத்தாழ இதுதான். டிரைவைத் தாழ்த்தி, லெவலைத் தூக்கி, ஏற்கெனவே உரக்க வைத்திருந்த வால்வு ஆம்பை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். நாதத்தின் பெரும்பகுதி ஆம்பிலும் அவருடைய விரல்களிலும் இருந்தது. பெடல் அதை வெளியே கொண்டுவந்து நிறுத்தியது.

அதனால் பெடலை வாங்கியதும் முதலில் செய்யவேண்டியது, டிரைவை முழுக்க இறக்கிவிட்டு, பெடலைப் போட்டாலும் அணைத்தாலும் ஒலியளவு ஒன்றாகவே இருக்கும்படி லெவலை வைப்பது. இதைச் சொன்னால் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். ஆனால் இதைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. இரண்டு ஒலிகளில் எது சற்று உரக்க இருக்கிறதோ அதையே நல்ல ஒலி என்று நம்புவது காதின் இயல்பு. கடையில் பெடலைப் போட்டதும் "ஆகா" என்று தோன்றுவது பல நேரம் அது ஒலியைக் கூட்டியதால்தான், திருத்தியதால் இல்லை. அளவைச் சமமாக்கிய பிறகு மாறி மாறி மிதித்துப் பாருங்கள். அப்போது கேட்கும் வித்தியாசம்தான் பெடல் உண்மையில் தருவது. அது பிடித்திருந்தால் டிரைவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். ஏற்ற ஏற்ற லெவலை இறக்கி மறுபடி சமப்படுத்த வேண்டும். சோலோவுக்கு வேண்டிய கூடுதல் அளவை எல்லாம் முடிந்தபின் கடைசியாகச் சேர்க்கலாம்.

இதையும் மேடையில் வாசிக்கும் அதே சத்தத்தில் செய்ய வேண்டும். 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் மனிதக் காதை அளந்து வளைகோடுகள் வரைந்தார்கள். சத்தம் தாழ்வாக இருக்கும்போது அடி ஒலிகள் நமக்கு மிகக் குறைவாகக் கேட்கின்றன, சத்தம் கூடக் கூட அவை பெருத்துக்கொண்டே வருகின்றன என்பதை அந்த வளைகோடுகள் காட்டின. இரவில் வீட்டார் தூங்கியபின் மெதுவாக வைத்து வாசிக்கும் பையன், அடி ஒலி போதவில்லையே என்று ஆம்பில் பேஸைக் கூட்டி வைக்கிறான். அதே அமைப்பைக் கோயில் கொடையில் நான்கு பக்கமும் பாக்ஸ் அடுக்கிய மேடையில் போட்டால், அந்த அடி ஒலி பெருகி எல்லாரையும் மூழ்கடிக்கிறது. கிடாரின் பேச்சு அடியில் அமுங்கிப் போகிறது. பையன் பெடலைக் குற்றம் சொல்கிறான்.

நம் ஊர் மேடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதை யாரும் சொல்லித் தராதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. பல குழுக்களில் கிடாருக்கு ஆம்ப் கிடையாது. பெடலிலிருந்து கேபிள் நேராக மிக்சருக்குப் போகிறது. சுத்தமான ஒலிக்கு இது ஓரளவு தாங்கும். ஓவர்டிரைவைப் போட்டதும் கொசுக்கூட்டம் இரைவது போல ஒரு ரீங்காரம் கிளம்புகிறது. மைக்செட்காரர் உடனே கிடாரை இறக்கிவிடுகிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. காரணம் எளிது. கிடார் ஆம்பிலுள்ள பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் சரியாக ஒலிக்காது. சிதைத்த ஒலியில் உண்டாகும் கூரான முனைகளெல்லாம் அங்கேயே மழுங்கிவிடுகின்றன. ஓவர்டிரைவ் பெடல்கள் அந்த ஸ்பீக்கரை நம்பியே உருவானவை. கச்சேரி பாக்ஸிலுள்ள ஹார்ன் அந்தக் கூர்முனைகளை ஒன்று விடாமல் வெளியே வீசுகிறது. இதற்கு மருந்து இரண்டு. சின்ன ஆம்ப் ஒன்றைக் கொண்டுபோய் அதன் ஸ்பீக்கர் முன் மைக் வைக்கச் சொல்லலாம். இல்லையென்றால், ஸ்பீக்கர் பெட்டியைப் போல வடிகட்டித் தரும் கேபினெட் சிமுலேட்டர் ஒன்றைப் பெடல்களின் கடைசியில் மாட்டலாம். இன்றைக்கு மல்டி எஃபெக்ட் பெட்டிகள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது, பலர் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஓவர்டிரைவ் வாங்கப் போகிறவர், அந்தப் பணத்தை முதலில் இதில் போடலாம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், அடாப்டர் முனையின் நடுவில் நெகட்டிவ். வீட்டுச் சாதனங்களோடு வரும் அடாப்டர்கள் பலவும் இதற்கு நேர்மாறானவை. முனை பொருந்துகிறதே என்று மாட்டினால் பெடல் அங்கேயே செத்துப்போகக்கூடும். பாட்டரி போட்டு வாசிப்பவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளை உருவிவிட வேண்டும். அந்த ஜாக்தான் பாட்டரிக்கு ஸ்விட்ச். கேபிள் உள்ளே இருக்கும்வரை, விளக்கு எரியாவிட்டாலும் பாட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ஒரே அடாப்டரிலிருந்து டிஜிட்டல் டிலேவுக்கும் பழைய ஓவர்டிரைவுக்கும் கிளை பிரித்துக் கொடுத்தால் கீச்சென்று ஓர் இரைச்சல் நுழையலாம். பெடலுக்குப் பெடல் தனித்தனி வழி தரும் பவர் சப்ளை அதைத் தீர்க்கும்.

எர்த் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஆம்ப் ஒரு லைனிலும் மிக்சர் இன்னொரு லைனிலும் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். அதை நிறுத்த பிளக்கின் எர்த் முள்ளை மடக்குகிற அல்லது ஒடிக்கிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கைவிரல் இரும்புத் தந்தியில், உதடு மைக்கின் வலையில். இரண்டுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் மின்சாரம் உடம்பு வழியாகத்தான் போகும். மேடையில் உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து இணைப்பு எடுங்கள். அப்படியும் உறுமினால், மேடையிலிருந்து மிக்சருக்கு ஒலியை அனுப்பும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைத் தள்ளுங்கள். ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும் அது பிரிக்கும், மின் இணைப்பின் எர்த்தைத் தொடாது. மழை நனைத்த மேடையென்றால், உறுமலோடு வாசிப்பதில் எந்த அவமானமும் இல்லை.

மறுபடி நாதத்துக்கு வருவோம். இந்தச் சிதைந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் கொஞ்சம் தெளிவாகும். 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' என்ற பாடல் நாஷ்வில்லில் பதிவானது. அதில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிடாரில் சோலோ வாசித்தார். மிக்சரின் ஒரு சானல் பழுதாகி ஒலி கரகரத்தது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டும்போது வரவழைக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். அது 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெயரில் காலால் மிதிக்கும் பெட்டியாகக் கடைக்கு வந்தது. கிடாரைப் பித்தளைக் குழல்கள் போலவும் செல்லோ போலவும் ஒலிக்கச் செய்யலாம் என்பதே அன்றைய விளம்பரம். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் அதை மிதித்ததும், பிறகு குழல்கள் வாசிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மாதிரி வைப்பதற்காகத்தான். அந்த மாதிரியே பாடலில் நிலைத்துவிட்டது.

குழலும் செல்லோவும் ஏன் நினைவுக்கு வந்தன? ஊதும்வரை, வில் இழுக்கும்வரை, அவற்றில் ஸ்வரம் நிற்கும். கிடாரில் தந்தியை மீட்டிய கணத்திலிருந்தே ஒலி சாகத் தொடங்குகிறது. ஓவர்டிரைவ் ஒலியின் உச்சிகளை வெட்டிச் சமப்படுத்துவதால், தேய்ந்துகொண்டே வரும் வாலும் ஏறக்குறைய அதே அளவில் கேட்கிறது. ஸ்வரம் நீள்கிறது. நமக்கு இது சாதாரண விஷயமில்லை. கமகத்துக்கு ஸ்வரம் உயிரோடு நிற்க வேண்டும். தந்தியை இழுத்து, விரலைச் சறுக்கி, ஓர் இடத்தில் அசைத்து முடிப்பதற்குள் ஒலி அடங்கிவிட்டால் ராகம் எங்கே பேசும்? யூ. ஸ்ரீநிவாஸ் சிறு வயதிலேயே மின் மாண்டலினில் கர்நாடக இசையைப் பாடவைத்தபோது கடந்து போனது இந்தத் தடையைத்தான். பிரசன்னா மின் கிடாரில் கர்நாடக இசை வாசிக்கிறார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006-இல் அவர் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' தொகுப்பைக் கேட்டால், சிதைந்த ஒலியும் கமகமும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பது காதுக்கே விளங்கும். டிரைவ் அளவோடு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது கூடிப்போனால் அசைவின் நுனிகள் மழுங்கி, இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே விரல் எப்படிப் போனது என்பதே தெரியாமல் போகும்.

ட்யூப் ஸ்க்ரீமரில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. மூன்று பேர் வாசிக்கும் ப்ளூஸ் குழுவில் அந்த நடு மேடு வரப்பிரசாதம். அதில் பாடுகிறவரே பெரும்பாலும் கிடாரும் வாசிக்கிறார். பாடும்போது கிடார் ஒதுங்கிக்கொள்ளும். நம் மெல்லிசை மேடையில் பாடகரும் பாடகியும் இருக்கிறார்கள், கீபோர்டில் வயலின் கூட்டம் முழுவதும் இருக்கிறது. மனிதக் குரல் வார்த்தையாக விளங்குவது பெரும்பாலும் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பில். பெடல் தூக்கிவிடும் மேடு சரியாக அதற்குள் போய் உட்காருகிறது. பல்லவியிலும் சரணத்திலும் பெடலைப் போட்டுக்கொண்டே கார்டு வாசித்தால், பாடகர் எத்தனை உரக்கப் பாடினாலும் வார்த்தை தேய்ந்துவிடும். கிடார் முன்னால் வர வேண்டியது பிஜிஎம்மில்தான், அங்கே குரல் இல்லை. ஒரு சோலோவுக்காக நான் கொடுக்கும் கூடுதல் லெவலைக்கூட ஒத்திகையில் கீபோர்டுக்காரரும் தபேலாக்காரரும் கேட்டுச் சொன்ன பிறகே முடிவு செய்வேன். மேடைக்கு எதிரே பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்கும் ஒருவர் கேட்பதுதான் கணக்கு. பெடலுக்கு மேலே குனிந்து நிற்கும் எனக்குக் கேட்பதை நம்புவதில்லை.

பெடலைப் போட்ட பின்னும் கிடாரிலேயே ஒரு குமிழ் மிச்சம் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெடலை அணைக்காமல் கிடாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்கிப் பாருங்கள். பெடலுக்குள் போகும் சிக்னல் மெலிந்து, கரகரப்பு விலகி, கிட்டத்தட்ட சுத்தமான ஒலி கிடைக்கும். முழுக்க ஏற்றினால் சோலோ. இரண்டுக்கும் நடுவே எத்தனையோ படிகள். பாடகர் அன்று ஜலதோஷத்தோடு வந்து கீழ் ஸ்தாயியில் தடுமாறினால் அவருக்கு இடம் விட அந்தக் குமிழை ஒரு விரலால் கொஞ்சம் திருப்பினாலே போதும். அதனால்தான் பெடலில் குமிழ்களின் இடத்தைப் பேனாவால் குறித்து வைப்பதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. மண்டபம் மாறும், மைக்செட் மாறும், கூட்டம் நிறைந்ததும் அதே மண்டபத்தின் எதிரொலிகூடக் குறைந்துவிடும். சவுண்டு செக்கின்போது குழு முழுவதையும் ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி, அதற்கு நடுவே குமிழைத் திருப்புவதற்கு ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.