தடிமனும் விற்றமின் குளிசையும்

நெடுந்தீவாரும் நயினாதீவாரும் நாள்தோறும் ஒரு விற்றமின் சி குளிசையை மென்று வருவாராயின், வாடைக்காலத்துத் தடிமன் அவர்தம் வாசற்படி மிதியாது என்று நண்பர் ஒருவர் சாதிக்கிறார். அவர் சான்றாகக் காட்டும் லைனஸ் பாலிங் இருமுறை நோபல் பரிசு பெற்ற மேதையே. எனினும் விற்றமின் சி தடிமனைத் தடுக்கும் என்னும், 1970இல் பாலிங் வெளியிட்ட நூலின் சித்தாந்தத்தைப் பின்வந்த பரிசோதனைகள் ஆதரித்தில. 29 பரிசோதனைகளில் பங்குகொண்ட பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரின் நிலையை ஆராய்ந்த கொக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் 2013ஆம் ஆண்டு மதிப்பாய்வு, நித்தமும் உட்கொண்டாலும் சாதாரண ஜனங்களுக்குத் தடிமன் வருவது குறையவில்லை என்றும், வந்த தடிமன் பெரியவர்களுக்கு நூற்றுக்கு 8 பங்களவே சுருங்கிற்று என்றும் கண்டது. ஏழு நாள் உபாதையில் அது அரைநாள். நோய் கண்டபின் குளிசை தேடுவோருக்கு அந்த அரைநாளும் நிச்சயமில்லை. நித்தமும் உட்கொண்டோருள் மரதன் ஓடுவோர், படைவீரர் முதலாய கடுந்தேகப் பிரயாசையினர்க்கு மாத்திரம் தடிமன் வருவது பாதியாயிற்று. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்துநிற்பது எத்துணைச் சிரமமாயினும் மரதன் ஆகாதே!

"குளிசை தின்றேன், ஏழாம் நாள் சுகம்" என்கிறார் நண்பர். மல்லித்தண்ணீர் குடித்தவருக்கும், ஒன்றும் குடியாதவருக்கும் அதே ஏழாம் நாளளவில் சுகம் வருவதை அவர் ஏனோ கவனியார். இனி, கர்ப்பவதிகளுக்குக் கிளினிக்கில் விற்றமின் சி வழங்குவது, கூடக் கொடுக்கும் இரும்புச்சத்து உடலிற் சேரும்பொருட்டு, தடிமனை விரட்டவன்று. ஆகவே கிளினிக்கில் தருவதைத் தாய்மார் தவறாது உட்கொள்க. தடிமனுக்கென்று பார்மசியில் கொடுக்கும் காசை மற்றையோர் கொய்யாப்பழத்துக்குக் கொடுக்க.