பங்கை விற்றாச்சு, பொறுப்பு போச்சா?

நம்ம போடி ஏலக்காய் வியாபாரத்திலும், கம்பம் திராட்சை வியாபாரத்திலும் கூட்டு சகஜம். பெண்கள் பெயரிலும் பங்கு இருக்கும். விற்கும்போது, "பணம் வந்தாச்சு, இனி நமக்கென்ன?" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். "பின்னால் நஷ்டம் வந்தால் ஈடு செய்கிறேன்" என்ற ஒரு வரி அந்தப் பத்திரத்தில் இருக்கும். வினையே அங்கேதான்!

பெரிய இடத்துக் கதையைக் கேளுங்கள். 2008-ல் ரான்பாக்ஸி மருந்துக் கம்பெனியில் இருந்த பங்கை சிங் சகோதரர்கள் குடும்பம் ஜப்பானின் தாயிச்சி சாங்க்யோவுக்கு விற்றது. கம்பெனி மீது அமெரிக்காவில் நடந்த விசாரணை பற்றிய விவரத்தை மறைத்துவிட்டார்கள் என்று ஜப்பான்காரர்கள் வழக்காடினார்கள். 2016-ல் சிங்கப்பூரில் நடுவர்கள் சுமார் 2,562 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். 2018-ல் டில்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தக் குடும்பத்து மைனர் பிள்ளைகளை மட்டும் விலக்கியது.

ஆகவே சகோதரிகளே, பங்கை விற்கும்போது:

• வரி பாக்கி, பழைய கடன், வழக்கு எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

• ஈடு எவ்வளவு தொகை வரை, எத்தனை வருஷம் வரை என்று எல்லை போடச் சொல்லுங்கள்.

• பார்ட்னர்ஷிப்பிலிருந்து விலகினால், 1932-ம் வருஷச் சட்டப்படி பொது அறிவிப்புக் கொடுக்கவேண்டும். பதிவான ஃபர்ம் என்றால் ரிஜிஸ்திராருக்கும், அரசிதழிலும், உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிக்கணும். இல்லாவிட்டால் விலகிய பிறகு மற்றவர்கள் வாங்கும் கடனும் உங்கள் தலையில் விழலாம்.

பால் கணக்கையே இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவர்கள் நாம். பத்திரத்தையும் வரி விடாமல் படிக்கலாமே!