வெள்ளை மணலும் கள்ளத்தோணியும்

லம்பெடூசாவுக்கு விடுமுறை போய்வந்த எங்கட ஆட்கள் "சனசந்தடி இல்லாத கடற்கரை, சொர்க்கம்" என்று படம் காட்டுகிறார்கள். முயல் தீவுக்கு எதிரே உள்ள சின்னக் குடா அது. வடிவான இடம்தான், நான் மறுக்கவில்லை. றோட்டில் இருந்து கல்லுப்பாதையால் நடந்து இறங்க வேணும். தண்ணி கண்ணாடி மாதிரி. 2013 பெப்ரவரியில் ட்ரிப்அட்வைசர் தளம் அதை உலகின் முதலாவது கடற்கரையாகத் தெரிவு செய்தது.

அதே வருடம் ஒக்ரோபர் 3, விடியப்புறம். அந்தக் கரைக்குக் கிட்ட, லிபியாவில் இருந்து வந்த படகு ஒன்று தீப்பிடித்துக் கவிழ்ந்தது. உதவி கேட்டுப் போர்வையைக் கொளுத்தியிருக்கிறார்கள். 368 பேர் செத்தார்கள். பெரும்பாலானோர் எரித்திரியர்கள். தப்பியது 155 பேர். செத்தவர்களுக்குக் குடியுரிமை என்றார் இத்தாலியப் பிரதமர். தப்பியவர்கள் மீதோ சட்டவிரோதமாக நுழைந்ததாக விசாரணை தொடங்கியது. அந்த மணலில் முட்டையிட வருகிற கடலாமைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. நல்லது, இருக்கட்டும். மனிசருக்கு?

போனதில் ஒரு பிழையும் இல்லை. வருசம் முழுக்க என்னைப் போலக் கோப்பை கழுவுகிறவனுக்கும் கடல் வேணும். படம் காட்டி முடிந்த கையோடு வருகிற கதைதான் எனக்குப் பத்தி எரிகிறது: "உந்தக் கறுப்பர் படகு படகாய் வந்து நாட்டைக் கெடுக்கிறாங்கள், திருப்பி அனுப்ப வேணும்."

ஆர் சொல்லுறது?

1996 நத்தார் இரவு சிசிலிக்கும் மோல்டாவுக்கும் இடையில் ஒரு படகு தாண்டது. குறைந்தது 283 பேர் போனார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், அவர்களோடு எங்கட பொடியள். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. போர்த்தோபாலோ மீனவரின் வலையில் பிணங்கள் வந்தன. தொழில் கெடும் என்ற பயத்தில் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். கடைசியில் வலையில் வந்த ஒரு தமிழ்ப் பொடியனின் அடையாள அட்டைதான் வழிகாட்டியது. 2001 இல் இத்தாலியப் பத்திரிகை ஒன்று கடலடிக்குக் கமெரா இறக்கிப் படகைக் காட்டியது. நாலரை வருசம் அந்தத் தாய்மார் மகனின் ரெலிபோனுக்குக் காத்திருந்தார்கள்.

ஊரில் மலையகச் சனத்தைக் 'கள்ளத்தோணி' என்று சொன்ன வாய்கள் எங்களிலும் இருந்தன. பிறகு எங்கட பிள்ளைகளே கள்ளத்தோணி ஏறினார்கள். இப்போது கையில் ஐரோப்பியப் பாஸ்போட் வந்ததும் அதே வாய் திரும்பத் திறக்கிறது.

எரித்திரியன் ஓடி வந்தது முடிவில்லாத கட்டாய இராணுவ சேவைக்குப் பயந்து. நாங்கள் ஓடி வந்தது எதற்குப் பயந்து என்று எங்களுக்குத் தெரியாதா?

போங்கோ, ஆசை தீரக் குளியுங்கோ. ஆனால் அந்தத் தண்ணிக்குள் நிண்டுகொண்டு மற்றவனை அகதி எண்டு ஏசாதேங்கோ. அதே கடலின் அடியில்தான் எங்கட பொடியளும் கிடக்கிறாங்கள்.