கண் மங்கிய வைத்தியரும் காடைப் பறவைகளும்



இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு எதிரே கடலில் காப்ரி என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. முழுத் தீவும் சுமார் பத்து சதுரக் கிலோமீட்டர்தான். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 2,500 ஏக்கர். ஒரு பெரிய ரப்பர்த் தோட்டத்தின் அளவு. அந்தத் தீவின் மேட்டில் அனகாப்ரி என்ற கிராமம். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேசப்போகிறேன்.

அவர் பெயர் ஆக்சல் முந்தே. 1857-ல் சுவீடனில் பிறந்தவர். பாரிசில் மருத்துவம் படித்து, 1880-ல் இருபத்திரண்டு வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்றவர். 1884-ல் நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவி மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, ஊரை விட்டு ஓடுவோருக்கு எதிராக ஊருக்குள் நுழைந்து வைத்தியம் பார்த்தவர். பிற்காலத்தில் சுவீடன் அரச குடும்பத்துக்கே மருத்துவரானார்.

இப்படிப்பட்டவரைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் நோயில் விழுந்ததும் ஒரு பேச்சு எழும். "அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. இனிமேல் இந்தக் கோழியும் நாயும் கிளிக்கூண்டும் எதற்கு? யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்பார்கள். அக்கறையோடு சொல்லும் பேச்சுதான். ஆனாலும் அது சரியா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. முந்தேயின் வாழ்க்கை அந்த யோசனைக்கு உதவும்.

இளவயதில் காப்ரிக்கு வந்தபோதே அந்தத் தீவு அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னர் கையில் பணம் சேர்ந்ததும், மலைவிளிம்பில் இடிந்து கிடந்த பழைய சிற்றாலயம் ஒன்றின் இடத்தை வாங்கி, கிராமத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீடு கட்டினார். அதற்குச் சான் மிக்கேலே என்று பெயர். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெயிலும் வெளிச்சமும் கடலும் தெரியவேண்டும் என்பது அவர் ஆசை. அப்படியே அமைந்தது வீடு.

அந்த வீட்டில் மனிதர்களைவிட மற்ற ஜீவன்கள்தாம் அதிகம். பல நாய்கள், ஓர் ஆமை, ஒரு கீரி, ஒரு சின்ன ஆந்தை. போதாதென்று பில்லி என்ற பெயரில் ஒரு பெரிய குரங்கு வேறு. அதற்குக் குடிப்பழக்கம் இருந்ததென்று முந்தே தம் நூலில் எழுதுகிறார்! அதன் அட்டகாசங்களைப் படித்தால் சிரிப்பை அடக்க முடியாது.

சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் ஒன்றும் அந்தத் தீவில் இருந்தது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வரும். நம் நாட்டிலும் இப்படி நடப்பதுண்டு. மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சனுக்கு அருகேயுள்ள தஞ்சோங் துவானில் நின்றால், சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் தேன்பருந்துகளைப் பார்க்கலாம். அதேபோல் காடை, சிறு பாடும் பறவைகள் முதலியவை இரவு முழுவதும் பறந்து களைத்து, இறக்கை தளர்ந்து காப்ரி மலையில் வந்து இறங்கும். அங்கே அவற்றுக்காக வலை விரித்துக் காத்திருப்பார்கள்.

காடை பிடிப்பது அங்கே நூற்றாண்டுக் கணக்கில் நடந்துவந்த தொழில். காப்ரியின் ஆயருக்குப் பழங்காலத்தில் காடை வரியிலிருந்தே வருமானம் வந்ததால், அவரைக் 'காடை ஆயர்' என்றே அழைத்தார்களாம். வலைக்குப் பறவைகளை இழுக்க அவர்கள் கையாண்ட முறைதான் கொடுமையானது. கூண்டிலடைத்த ஒரு பறவையின் கண்ணைக் காய்ச்சிய ஊசியால் குத்திக் குருடாக்கிவிடுவார்கள். குருடான பறவை இரவு பகல் தெரியாமல் ஓயாது கத்தும். அந்தக் குரலைக் கேட்டு, துணை இருக்கிறதென்று நம்பி மற்றவை இறங்கும்.

முந்தேயின் வீட்டுக்கு மேலே பார்பரோசா என்ற மலை. வேட்டைக்கு அதுவே பெரிய இடம். அதன் சொந்தக்காரன் முன்பு கசாப்புக்கடை வைத்திருந்தவன். முந்தே அதிகாரிகளிடம் முறையிட்டார். மலை அவனுக்குச் சொந்தம், அவன் விருப்பப்படி செய்யலாம் என்று பதில் வந்தது. பறவைகள் இறங்காமல் பறந்துபோகட்டும் என்று இரவில் பீரங்கி வெடித்தார்; அபராதம் விதித்தார்கள். நாய்களை இரவெல்லாம் குரைக்க விட்டார். ஒரு நாய்க்கு விஷம் வைத்தார்கள். விலைக்குக் கேட்டார், அவன் வாய்க்கு வந்த விலையைச் சொன்னான்.

பிறகு அந்த மனிதனே நெஞ்சில் நோய் கண்டு சாகக் கிடந்தான். முந்தேயை அழைத்தார்கள். இனி எந்தப் பறவையின் கண்ணையும் குத்தமாட்டேன் என்று சிலுவையின்மேல் சத்தியம் செய்து, மலையையும் விற்றால்தான் வருவேன் என்றாராம் முந்தே. முதலில் மறுத்தவன், மரணம் நெருங்கியதும் சம்மதித்தான். முந்தே போய் நெஞ்சிலிருந்த சீழை எடுத்தார். அவன் பிழைத்தான். மலை பறவைகளின் புகலிடமாயிற்று.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு மனம் ஒப்பவில்லை. உயிருக்குப் போராடுபவனிடம் வைத்தியர் பேரம் பேசலாமா? பறவையின்மேல் வைத்த இரக்கத்தில் பாதியாவது படுக்கையில் கிடந்தவன்மேல் வைத்திருக்கவேண்டும் அல்லவா? முந்தே தம் நூலில் நடந்ததையும் கற்பனையையும் கலந்து எழுதியவர் என்று அவரை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே எல்லாம் எழுத்துக்கு எழுத்து நடந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால், தம்மை நல்லவராகக் காட்டாத இந்தக் கதையையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவரை மகானாக்கிக் கும்பிட வேண்டாம். அவருக்குப் பிறகு நேர்ந்ததை மட்டும் பார்ப்போம்.

முந்தேயின் கண்ணில் நோய் வந்தது. ஒரு கண் பார்வை போயிற்று. மற்றதும் மங்கிக்கொண்டே வந்தது. வெயில் பட்டால் தாங்க முடியவில்லை. எந்த வெளிச்சத்துக்காக வீட்டைக் கட்டினாரோ அந்த வெளிச்சமே அவருக்குப் பகையாயிற்று. ஆசையாகக் கட்டிய சான் மிக்கேலேயை விட்டு, அதே கிராமத்தில் மாத்தெரீத்தா என்ற பழைய கோபுர வீட்டின் நிழலுக்குக் குடிபோனார். தூக்கமின்மை வேறு அவரை வாட்டியது. குருடாக்கப்பட்ட பறவைகளுக்காகப் போராடியவருக்குத் தம் கண்ணே போனதை என்னவென்று சொல்வது!

அவர் நாய்களைக் கைவிடவில்லை. பறவை மலையை விற்கவுமில்லை. மங்கிய கண்ணோடு, எழுபதைத் தாண்டிய வயதில், 1929-ல் 'சான் மிக்கேலேயின் கதை' என்ற நூலை வெளியிட்டார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகமெங்கும் விற்றது அது. அதன் முடிவில், மரணத்துக்குப் பின் தெய்வ சந்நிதியில் தாம் விசாரணைக்கு நிற்பதாகவும், பறவைகளின் நண்பரான அசிசி நகர் புனித பிரான்சிஸ் அங்கே வருவதாகவும் எழுதியிருக்கிறார். தம் கணக்கில் வரவாக அவர் நம்பியது அந்தப் பறவைகளைத்தான் போலும்.

1943-ல் அவர் சுவீடனுக்குத் திரும்பினார். 1949 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில், 91-வது வயதில் காலமானார். வீட்டைச் சுவீடன் அரசுக்கு எழுதி வைத்தார். பார்பரோசா மலையில் இன்றும் பறவைகளைப் பிடிக்கிறார்கள், ஆனால் கொல்வதற்கல்ல. காலில் சிறு வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று ஆராய்கிறார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

வயதானவருக்கு நோய் வந்ததும் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகிறது. முதலில் வேலை; பிறகு சைக்கிள்; பிறகு தனியாகக் கடைக்குப் போவது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்களுக்கு முற்றமும் போய்விட்டது. இத்தனைக்கும் பிறகு, காலையில் எழுந்ததும் தன்னை எதிர்பார்த்துக் கத்தும் நான்கு கோழியோ, காலைச் சுற்றும் ஒரு நாயோ மிச்சமிருந்தால், அது அவருக்குச் சின்ன விஷயமா? மற்ற எல்லாரும் அவரைக் கவனிக்கிறார்கள். அவர் கவனிப்பதற்கென்று இருப்பது அந்த ஜீவன் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் மாத்திரை சாப்பிடும் நேரத்தைத் தவிர அவருக்கு வேறு நேரம் ஏது?

அதற்காக எதையும் பார்க்காமல் விட்டுவிடச் சொல்லவில்லை. நெஞ்சில் சளி, இழுப்பு உள்ளவர்கள் கூண்டைச் சுத்தம் செய்யக்கூடாது. பறவையின் காய்ந்த எச்சத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். அந்த வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும். தாத்தா தீனி வைக்கட்டும். கூண்டு படுக்கை அறையில் வேண்டாம். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். இனிப்புநீர் உள்ளவர் காலில் கோழி கொத்திய சிறு காயத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. அடுக்குமாடியில் நாய் வளர்க்க முடியாதென்றால், சன்னலோரம் வந்து உட்காரும் மைனாவும் சிட்டும் பார்க்கப் போதும். ஒரு நாற்காலியை அங்கே நகர்த்திப் போடுங்கள்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இனிப்புநீர் கண்ணின் உட்புறத்தைக் கெடுக்கத் தொடங்கும்போது வலியும் இராது, பார்வையும் குறையாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே இனிப்புநீர் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். கண்ணில் புரை விழுந்தால் அறுவை செய்து வில்லை பொருத்திப் பார்வையை மீட்கலாம். வயதானால் கண் மங்கத்தான் செய்யும் என்று வீட்டிலேயே உட்காரவைப்பது பெரும் தவறு.

உங்கள் வீட்டுப் பெரியவர் மருத்துவமனையில் படுத்திருந்தால், பார்க்கப் போகும்போது பழமும் பிஸ்கட்டும் கொண்டு போவீர்கள். கூடவே, "கருப்பிக் கோழி நேற்று முட்டையிட்டது, நாய் உங்களைத் தேடுகிறது" என்ற செய்தியையும் கொண்டு போங்கள். அவர் திரும்பி வரும்வரை அவற்றுக்கு வேளாவேளைக்குத் தீனி வைக்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் ஒப்படையுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். வணக்கம்.