ஊர் கட்டும் படிப்பு

மேற்கு மாம்பலத்து நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூடவே அவருடைய சகோதரியின் புதல்வியும் வந்து, நாற்காலியின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கும் அந்தப் பெண், வைத்தியப் படிப்பும் வேண்டாம், கம்ப்யூட்டர் படிப்பும் வேண்டாம், நகர நிர்மாணத்தில் பட்டம் பெறப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம்.

"என்ன ஸார் அநியாயம்! ஊரைத்தான் ஏற்கெனவே கட்டி முடித்தாகிவிட்டதே? இவள் படித்துவிட்டு வந்து எதைக் கட்டப் போகிறாள்?" என்று நண்பர் கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. நண்பர் குடியிருக்கும் தெருவை நினைத்துக் கொண்டோம். அதற்கு லேக் வியூ ரோடு என்று பெயர். ஏரியைப் பார்த்த சாலை என்று அர்த்தம். அந்தச் சாலையில் எந்த மூலையில் நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஏரி தென்படாது. 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மட்டும், ஏரியே நண்பரைப் பார்க்கப் புறப்பட்டு வந்தது போல், வெள்ளம் அவர் வீட்டுக் கூடம் வரையில் வந்துவிட்டுப் போயிற்று.

ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் மெய்யாகவே ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த அந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் 'நீண்ட குளம்' என்றே அழைத்தார்கள். 1920-ல் சென்னை மாகாணத்தில் நகர நிர்மாணச் சட்டம் பிறந்தது. அடுத்த சில வருஷங்களுக்குள் ஏரியின் பெரும் பகுதியை வடித்து, மனைகளாகப் பிரித்து, நடுவில் ஒரு பூங்காவும் அதிலிருந்து பிரியும் சாலைகளுமாகத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நகரம் அழகாகவே அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஜனங்களுக்கு வீடுகளும் வேண்டியிருந்தன. ஆனால், பெய்கிற மழை இனி எங்கே போய்த் தங்கும் என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் யாரோ, அவர்களேதான் ஏரியை வடித்தார்கள். ஆகையால், நகர நிர்மாணம் என்ற பெயரால் நடப்பதெல்லாம் நன்மையாகவே முடியும் என்று நண்பரிடம் சத்தியம் செய்து கொடுக்க நாம் தயாராயில்லை.

படிப்பைப் பற்றிச் சொன்னோம். நாலு வருஷப் படிப்பு. கட்டடக் கலைப் பட்டத்துக்கு ஐந்து வருஷம் பிடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். ஜே.இ.இ. மெயின் பரீட்சையில் இதற்கென்று தனிப் பகுதி உண்டு. டில்லியிலுள்ள பிரபல கலாசாலையில் 1989-ல் இந்த இளநிலைப் பட்டம் ஆரம்பமாயிற்று. படம் வரையவும் தேசப்படம் பார்க்கவும் கற்றுக் கொடுப்பார்கள். பொருளாதாரம், சமூக இயல், புள்ளி விவரம், போக்குவரத்து, வீட்டு வசதி, நிலச் சட்டம் எல்லாம் உண்டு. நகரத்தோடு பிராந்தியத்தையும் சேர்த்துப் படிப்பது இதன் விசேஷம். சென்னைவாசி குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் குழாயில் பிரயாணம் செய்து வருகிறது. பட்டணத்துக்கு நிர்மாணத் திட்டம் போடுகிறவன் அந்த ஏரிப் பாசனக் குடியானவனையும் கணக்கில் சேர்க்காமல் எப்படி முடியும்?

ஆனால் புஸ்தகத்தைக் காட்டிலும் மாணவர்களுக்குக் காலில்தான் வேலை அதிகம். ஒரு கிராமத்தையோ தெருவையோ காட்டி, "போய்ப் பார்த்து எழுதிக் கொண்டு வா" என்று விரட்டுகிறார்கள்.

இந்த வித்தையை நமக்குக் காட்டிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆதியில் செடிகொடிகளையும் ஜீவராசிகளையும் ஆராய்ந்தவர். 1914-ல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அவருடைய நகர நிர்மாணக் கண்காட்சிப் படங்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது! மனிதர் சளைக்கவில்லை. புதிதாகப் படங்கள் சேர்த்து 1915-ல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து யோசனைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்து நேர் ரஸ்தா போட வேண்டும் என்று துடித்த அதிகாரிகளிடம், இடிந்த வீட்டை மட்டும் அகற்றிக் காற்றுக்கு வழி விட்டால் போதும், குடியிருப்பவர்களை விரட்டாதீர்கள் என்று வாதாடினார்.

இந்தூரில் அவர் செய்த காரியம் இன்னும் வேடிக்கை. ஊரில் பிளேக் பரவியிருந்தது. தீபாவளி ஊர்வலம் இந்த வருஷம் வழக்கமான வீதிகளில் போகாது, எந்த வீதிகளை ஜனங்கள் நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ அவற்றின் வழியாகத்தான் போகும் என்று அறிவிக்கச் செய்தார். அவ்வளவுதான்; ஊரே விளக்குமாற்றைக் கையில் எடுத்தது. குப்பை ஆயிரக்கணக்கான வண்டிகளில் வெளியேறிற்று.

"அதெல்லாம் சரி ஸார், உத்தியோகம் கிடைக்குமா?" என்றார் நண்பர்.

இங்கேதான் நமக்குச் சங்கடம். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, தேசத்திலுள்ள 7,933 நகர்ப்புறங்களில் 65 சதவிகிதத்துக்கு முழுமைத் திட்டம் என்பதே கிடையாது என்றது. ராஜ்ய சர்க்கார்களின் நகரமைப்பு இலாகாக்களில் 12,000-க்கு மேற்பட்ட நிபுணர்கள் வேண்டுமாம். அனுமதிக்கப்பட்டிருந்த ஸ்தானங்களோ 4,000-க்கும் குறைவு; அவற்றிலும் பாதி காலி. இதெல்லாம் போதாதென்று, பல ராஜ்யங்களில் அந்த உத்தியோகத்துக்கு நகர நிர்மாணம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை என்றும் அறிக்கை சொல்லிற்று. சமையல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லிப் பரிசாரகர் தேடுவதற்கு என்ன பெயர் கொடுப்பது? தனியார் கம்பெனிகளிலும் வேலை உண்டு. மேல் படிப்பும் உண்டு. ஆயினும் நண்பர் எதிர்பார்த்த உறுதிமொழியை நம்மால் கொடுக்க முடியவில்லை.

அதுவரை வாய் திறவாமலிருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, வெள்ளம் வந்ததே, தண்ணீர் முதலில் தெருவுக்குள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?"

நண்பர் முப்பது வருஷமாக அதே தெருவில் இருப்பவர். யோசித்தார். மோவாயைத் தடவிக் கொண்டார். "நான் பார்க்கும்போது கூடத்தில் இருந்ததம்மா" என்றார். பிறகு, "மூன்றாவது வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்திருக்கும், அவள்தான் ராத்திரி முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். பெண் நம் மேஜை மேலிருந்த பென்ஸிலையும் ஒரு காகிதத்தையும் கேட்டு வாங்கிக் கொண்டாள்.