ஒரு மருந்துக்கு இன்னொரு மருந்தா?

நவீன மருத்துவம் என்பது ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, அது செய்யும் கேட்டை மறைக்க இன்னொன்றைக் கொடுக்கும் வணிகம் என்னும் கருத்து நம் சிற்றிதழ்ச் சூழலில் ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. பார்கின்சன் நோய் பற்றிய கட்டுரைகளிலும் இதே பல்லவிதான். கூடவே, பக்க விளைவே இல்லாத பூனைக்காலி விதைப்பொடி இருக்கையில் மாத்திரை எதற்கு என்ற அறிவுரையும் வந்துவிடும்.

இந்நோயில் மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிகின்றன. டோபமினை நேரடியாகக் கொடுத்துப் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது கடக்காது. எனவே அதன் முன்வடிவமான லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். 1960களின் இறுதியில் ஜார்ஜ் கோட்சியாஸ் போன்றோர் இதை நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் கொடுத்தனர். பெரும்பகுதி மூளையைச் சேருமுன்பே உடலில் டோபமினாக மாறி, கடும் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கியது. (‘பக்க விளைவு’ என்று தமிழில் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! வாந்தியெடுப்பவருக்கு அது பக்கத்திலா இருக்கிறது?)

பிறகு வந்தது கார்பிடோபா. உடலில் நிகழும் அந்த மாற்றத்தை இது தடுக்கிறது. தான் மூளைக்குள் நுழைவதில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தேவைப்படும் லெவோடோபாவின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ‘சினமெட்’ என்ற வணிகப் பெயருக்கே இலத்தீனில் ‘வாந்தியின்றி’ என்று பொருள். இங்கே இரண்டாம் மருந்து முதல் மருந்தின் கேட்டை மறைக்கவில்லை, முதல் மருந்தையே குறைத்தது. நம் கட்டுரையாளர்கள் இந்த வேறுபாட்டை ஒருமுறையேனும் எண்ணிப்பார்த்ததுண்டா?

ஆலிவர் சாக்ஸின் ‘அவேக்கனிங்ஸ்’ (1973) நூலைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அதில் வருபவர்கள் உறக்க மூளையழற்சிக்குப் பின் பல்லாண்டுகள் உறைந்து கிடந்தவர்கள். அவர்களுடைய துயரத்தை இன்றைய நோயாளிகள் எல்லோர்மீதும் ஏற்றுவது வாசிப்பாகாது.

பூனைக்காலிக்கு வருவோம். அதன் விதையிலிருந்து 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தது இதே லெவோடோபாவைத்தான். மாத்திரையில் இருந்தால் நஞ்சு, விதையில் இருந்தால் அமுதா? பொடிக்குப் பொடி அதன் அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்து உண்டால் அளவு மிஞ்சும். சித்த மருத்துவத்தின் பெயரால் கூட்டு மருந்தைப் பழிப்பவர்கள் அனுபானம் என்ற சொல்லையும் திரிகடுகத்தையும் எங்கே மறந்தார்கள்?

கூட்டெல்லாம் நன்று என்பதல்ல என் வாதம். வாந்திக்கென்று மெட்டோகுளோபிரமைடும், மாயக்காட்சிக்கென்று ஹாலோபெரிடாலும் எழுதித்தரப்படுவதுண்டு. இரண்டுமே மூளையில் டோபமினின் செயலைத் தடுத்து நோயை மோசமாக்குபவை. நோயாளி ஏற்கெனவே உண்ணும் மருந்துகளைக் கேட்காமலே சீட்டு எழுதும் மருத்துவர்மீது சினம் கொள்ளுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் நெடுநாள் லெவோடோபாவால் வரும் கட்டற்ற அசைவுகளைத் தணிக்க அமான்டடினைச் சேர்ப்பதையும், ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சையால் மாத்திரையின் அளவைக் குறைப்பதையும் இதே கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ஏனெனில் இவற்றை இலக்கிய அன்பர்கள் மட்டும் படிப்பதில்லை. வீட்டில் நடுங்கும் கையோடு தந்தையை வைத்திருக்கும் மகனும் படிக்கிறான். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் நினைவுக் குழப்பமும் வரக்கூடும். உயிரே போகவும் கூடும். மாத்திரையைத் தூக்கியெறியச் சொன்ன கட்டுரை எதிலும் இந்த ஒரு வரியை நான் காணவில்லை.