காராமணிக்கு ஏன் இந்த ஏளனம்?

முதலாண்டில் ஒருநாள் மதியம் டப்பாவைத் திறந்தேன். கேழ்வரகுக் களியும் காராமணிக் குழம்பும். "என்னப்பா, கூலியாள் சாப்பாடா?" என்று சிரித்தான் நண்பன் ஒருவன். உடனே மூடிவிட்டேன். படவேட்டிலிருந்து வந்த நான், எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள். அன்று பட்டினியாகவே செய்முறை வகுப்புக்குப் போனேன்.

அந்தச் சிரிப்பு அறியாமை என்பேன். 100 கிராம் காராமணியில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. கேழ்வரகில் குறைவான லைசின் இதில் மிகுதி. இதில் குறைவான மெத்தியோனின் கேழ்வரகில் உண்டு. எழுத்தறியாத என் தாய் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தாள் அன்றோ!

மல்லாட்டைக் கொல்லையில் ஊடுபயிராகக் காராமணி போடுவாள். அதன் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிரிகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. காய்ந்த பயற்றை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துப் பின்பே வேகவைப்பாள். நன்றாக வெந்த பிறகுதான் புளி; முன்னே ஊற்றினால் பயறு மசியாது. புளிப்பு வேகவிடாது என்பது வேதியியல். அவளுக்கோ அது கைப்பழக்கம். கத்தரிக்காயும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! (கருவாட்டைப் பற்றி இங்கே எழுதினால் சைவ நண்பர்கள் கோபிப்பார்கள்.)

விடுதி உணவுப் பட்டியலில் வாரம் ஒருநாள் காராமணிக்கு இடம் வேண்டும். சமையற்காரருக்குப் பக்குவம் தெரியாவிட்டால், அம்மாவிடம் கேட்டு வந்து சொல்ல நான் தயார்.